அரை மணிக்கு ஒரு தடவை எதற்கு எழுப்புகிறோம்?

தலைக்காய வார்டில் வேலை பார்க்கிற எந்த நர்ஸிடம் கேட்டாலும் ஒரு வாக்கியத்தைச் சொல்வார்: "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு சிஸ்டர்." மனைவி சொல்வார், தம்பி சொல்வார், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பர் சொல்வார். யாரும் பொய் சொல்வதில்லை. பைக்கிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, இண்டிகேட்டர் உடைந்ததற்காக எதிர் வண்டிக்காரரிடம் சண்டைகூடப் போட்டிருப்பார். டீக்கடையில் முகம் கழுவி, டீ குடித்துவிட்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்திருப்பார். இரண்டு மணி நேரம் கழித்துத் தலை வலிக்கிறது என்று படுத்திருப்பார். ஒரு வாந்தி, இன்னொரு வாந்தி. அப்புறம் எழுப்பினால் எழவில்லை.

நான் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நியூரோ வார்டில் இருக்கிறேன். இங்கே நோயாளியோடு வருகிறவர்கள் எங்கள்மேல் அதிகம் கோபப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. "சின்ன ரத்தக்கட்டுதான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளியும் ஒருவழியாகக் கண்ணை மூடியிருக்கிறார். அரை மணி நேரத்தில் நான் போய்த் தோளைத் தட்டி, "அண்ணே, கண்ணைத் திறங்க. இது எந்த ஊரு?" என்கிறேன். அடுத்த அரை மணியில் மறுபடியும். "களைச்சுப்போய்த் தூங்குற மனுசனை எதுக்கும்மா எழுப்பிக்கிட்டே இருக்கீங்க?" நியாயமான கேள்வி. வார்டில் நின்றபடி முழுப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. இங்கே சொல்கிறேன்.

மண்டையோட்டுக்குள் இருப்பவை மூன்றுதான்: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர். ஏறக்குறைய 80 சதவீதம் மூளை. மீதியை ரத்தமும் நீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வளர்ந்தவர்களுக்கு மண்டையோடு விரியாது. எனவே உள்ளே புதிதாக ஒன்று இடம் பிடித்தால், ஏற்கெனவே இருப்பதில் ஏதாவது வெளியே போயாக வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர் அலெக்சாண்டர் மன்ரோ 1783-லும் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-லும் எழுதி வைத்த விஷயம் இது. இன்றைக்கும் ஐ.சி.யூ.வில் செய்கிற எல்லாமே இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுகிறது, அல்லது மூளையே வீங்குகிறது. முதலில் அந்த நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி இடம் விடும். அடுத்து ரத்தக்குழாய்களில் தேங்கிய ரத்தம் வெளியேறும். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். "உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல எப்படியோ பத்துப் பேருக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே ஒருவர் ஏறினாலும் யாருக்கும் மூச்சுவிட முடியாது. நம் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நேரம், அந்தப் பத்துப் பேர் ஏறிக்கொண்டிருந்த நேரம். வெளியே எதுவும் தெரியாது. இடமெல்லாம் தீர்ந்த பிறகு, கொஞ்சம் ரத்தம் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக ஏறும். மெதுவாக, படிப்படியாக மோசமாவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

படுத்திருக்கும் பெரியவர்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் சாதாரணமாக 5 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். 22-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் சிகிச்சை தேவை. ஏன் இந்த எண்ணுக்கு இத்தனை மரியாதை? மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை என்பது உடம்பின் சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் உள்ள அழுத்தத்தைக் கழித்தால் வருவது. சராசரி 90, உள்ளே 10 என்றால் மிச்சம் 80. உள்ளே 40 ஆகிவிட்டால் மிச்சம் 50. அது போதாது. 60-லிருந்து 70-க்குள்ளாவது வேண்டும். இதே கழித்தலை மறுபக்கத்திலிருந்தும் கெடுக்கலாம். தொடை எலும்பு முறிந்து ரத்தம் போய் பி.பி. இறங்கினால், மண்டைக்குள் அழுத்தம் ஏறாமலேயே மூளை பட்டினி கிடக்கும். அதனால்தான் தலைக்காயம் என்று வந்தவருக்கு நாங்கள் முதலில் வயிற்றையும் தொடையையும் பார்க்கிறோம். இளவயதுக்காரர் என்றால் பி.பி.யின் மேல் அளவு 110-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது.

இனி அந்த எழுப்பும் வேலைக்கு வருவோம்.

கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். இன்றைய வடிவில் கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. ஒன்றுமே செய்யாதவருக்கும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் ட்யூப் போட வேண்டிய நிலை. நாங்கள் ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்று சொல்லிக்கொள்வது இதைத்தான். அதற்கு முன்பு ஒருவர் "மயக்கம்" என்பார், இன்னொருவர் "அரை மயக்கம்" என்பார், இரண்டும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. இந்த முறையில் இரவு பத்து மணி நர்ஸ் எழுதியதைக் காலை ஆறு மணி நர்ஸ் அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் உண்மையான உபயோகம் ஒப்பிடுவதில்தான். 14 என்ற எண் நல்லதா கெட்டதா என்று கேட்டால், அரை மணி நேரம் முன்பு என்னவாக இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். 13-லிருந்து 14 வந்திருந்தால் சந்தோஷம். 15-லிருந்து வந்திருந்தால் நான் கட்டிலை விட்டு நகர மாட்டேன்.

பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தச் சரிவு எவ்வளவு சின்னதாக இருக்கிறது தெரியுமா? பத்து மணிக்கு ஒருவர் "வண்டி எங்க இருக்கு? ஸ்டேஷன்லயா?" என்று கேட்கிறார். முழு மதிப்பெண். பத்தரைக்குத் தன் மனைவியைப் பார்த்து "அக்கா, தண்ணி குடு" என்கிறார். மனைவி சிரித்துவிடுகிறார், மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொள்கிறார். பேச்சில் ஒரு மதிப்பெண் போய்விட்டது. பதினொரு மணிக்கு எழுப்பினால் "ம்... விடு" என்ற ஒரு சொல்தான். இன்னொன்று போய்விட்டது. இந்த ஒரு மணி நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், பார்க்கிறவர்களுக்கு.

கையைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூளை பாதிக்கப்பட்டவரும் உள்ளங்கையில் விரல் பட்டால் அனிச்சையாகப் பிடித்துக்கொள்வார். "நான் சொன்னா கேக்குறாரு சிஸ்டர், கையைப் பிடிக்குறாரு பாருங்க" என்று உறவினர்கள் கண்ணீரோடு கூப்பிட்டுக் காட்டுவார்கள். விடச் சொன்னால் விட வேண்டும். அதுதான் கணக்கு. இல்லையென்றால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்வோம், நாக்கை நீட்டச் சொல்வோம்.

அப்புறம் டார்ச். ஒரு பக்கம் ரத்தம் கட்டி மூளையைத் தள்ளும்போது, கண்ணுக்குப் போகும் மூன்றாம் நரம்பு நசுங்கும். அந்தப் பக்கக் கண்மணி பெரிதாகிவிடும், வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. வீட்டு ஆட்களிடம் "கண் ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்காங்களா?" என்று நாங்கள் கேட்பதும் இதற்காகத்தான். கண்புரை அறுவை செய்த கண்ணில் மணி கோணலாக இருக்கலாம். கண்ணிலேயே அடிபட்டிருந்தாலும் விரியலாம். பழைய கோளாறு எது, இப்போது வந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக வரும் அறிகுறிதான் பாடப்புத்தகத்தில் முதலில் இருக்கும். பி.பி. எகிறும், நாடி இறங்கும், மூச்சு ஒழுங்கில்லாமல் போகும். அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கரின் ஆய்வுக்கூடத்தில் நாய்களின் மண்டைக்குள் உப்பு நீரால் அழுத்தத்தை ஏற்றிப் பார்த்து, 1901-ல் இதை விவரித்தார். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அதையும் மீறி ரத்தத்தை உள்ளே தள்ள உடம்பு பி.பி.யைக் கூட்டிக்கொண்டே போகிறது. எனவே 190/100, நாடி 48 என்று மானிட்டரில் பார்த்ததும் "டென்ஷன்ல பி.பி. ஏறியிருக்கு, மாத்திரை குடுங்க" என்று சொன்னால், கடைசியாக வேலை செய்துகொண்டிருக்கும் பம்பையும் நிறுத்தச் சொல்வதாகத்தான் அர்த்தம். இந்த நிலை வரும்வரை காத்திருந்தால் நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இதைவிட முன்னதாக வரும், எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி ஒன்று உண்டு. அமைதியின்மை. நோயாளி புரள்வார், ஐ.வி. லைனைப் பிடுங்குவார், போர்வையை உதறுவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார். உடனே "ஒரு தூக்க ஊசி போட்டு விடுங்க சிஸ்டர், பாவமா இருக்கு" என்று கெஞ்சுவார்கள். ஊசி போட்டால் அமைதியாகிவிடுவார், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் மங்குவது ஊசியாலா, ரத்தக்கட்டாலா என்று சொல்ல முடியாது. முதலில் ஆக்சிஜன் சரியாக இருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்து முட்டுகிறதா, வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல சமயம் சிறுநீர் இறங்கப் போட்ட குழாய் (கதீட்டர்) அடைத்திருப்பதுதான் காரணம். அதெல்லாம் சரியாக இருந்தும் புரள்கிறார் என்றால், ஊசிக்கு முன் மறு ஸ்கேனைப் பற்றி டாக்டர் யோசிப்பார்.

சாராய வாடை அடிக்கும் நோயாளிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். "குடிச்சிட்டு விழுந்திருக்கான், தெளிஞ்சா எந்திரிப்பான்" என்று திண்ணையில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். சில சமயம் மருத்துவமனைகளிலும் இதுதான் நடக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள். போதை நேரம் ஆக ஆகத் தெளிய வேண்டும். நேரம் ஆக ஆக மங்குகிறது என்றால் அது போதை இல்லை. குடிப்பவர்களுக்கு ரத்தம் உறைவதிலும் கோளாறு இருக்கலாம், அதனால் உள்ளே கசிவது எளிதில் நிற்காது. என்னைக் கேட்டால், தலையில் அடிபட்ட குடிகாரருக்குத்தான் மற்றவரைவிடச் சீக்கிரம் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஏழை, பாமரர், கிராமம் என்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்க வேண்டாம். 2009 மார்ச் 16 அன்று, கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் மோன் ட்ரெம்ப்ளான் பனிச்சறுக்கு மைதானத்தில் பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கீழே விழுந்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு. எழுந்தார், பேசினார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையில் தலைவலி. மார்ச் 18 அன்று நியூயார்க்கில் இறந்தார், வயது 45. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தக்கட்டு என்றது பிரேதப் பரிசோதனை. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. இந்த வகை ரத்தக்கட்டு பெரும்பாலும் அங்கே எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிவதால்தான் வருகிறது. மூளைக்கு நேரடி அடி அதிகம் இருக்காது. அதனால்தான் நேரத்தோடு திறந்து எடுத்துவிட்டால் பலர் பழையபடி வேலைக்குப் போகிறார்கள், நேரம் தவறினால் அதே ஆளைக் காப்பாற்ற முடிவதில்லை.

சரி, அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வோம்?

முதல் சிகிச்சைக்கு மருந்தே தேவையில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துவது, கழுத்து நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. பாசத்தில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து தலைக்குக் கீழே செருகுகிறார்கள், கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் முட்டுகிறது. கழுத்தின் ரத்தக்குழாய் நசுங்கினால் தலையிலிருந்து ரத்தம் இறங்காது, உள்ளே அழுத்தம் கூடும். ட்யூபைக் கட்டும் நாடா இறுக்கமாக இருந்தாலும், கழுத்துக் காலர் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். மலச்சிக்கலோடு முக்கினாலும் ஏறும், இருமினாலும் ஏறும். காய்ச்சல் அடித்தால் மூளையின் ரத்தத் தேவை கூடும், அதனால் நாங்கள் துணியை விலக்கிக் குளிர்ந்த தண்ணீரால் துடைத்துவிட்டு அந்தப் பக்கம் போனதும் கம்பளியைப் போர்த்திவிடாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் இளநீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குத்தான் போகும்.

அப்புறம் மானிட்டால். வார்டில் நோயாளியோடு இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த பாட்டில் இது. மூளையிலிருந்து நீரை ரத்தத்துக்கு இழுத்துச் சிறுநீராக வெளியேற்றும். ஏ.சி. அறையில் கிடந்தால் பாட்டிலுக்குள் வெள்ளைத் துகள் படியும். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, துகள் இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கரைத்து, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் போடுவோம். மற்ற ட்ரிப்ஸ் மாதிரிச் சொட்டுச் சொட்டாக இல்லாமல் 15, 20 நிமிடத்தில் உள்ளே போக வேண்டும். "ரொம்ப வேகமா ஓடுது" என்று யாராவது அக்கறையாகக் குறைத்துவிட்டுப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. பி.பி. குறைவாக இருப்பவருக்கு மானிட்டால் ஆபத்து. அவருக்கு அடர்த்தியான உப்பு நீர் கொடுப்பார்கள். குளுக்கோஸ் பாட்டில் "தெம்புக்கு" என்று கேட்பதும் வேண்டாம். அதில் உள்ள தண்ணீர் வீங்கிய மூளைக்குள் போய் இன்னும் வீங்க வைக்கும்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மூச்சுக் கொடுக்கும் பையை (ஆம்பு பேக்) அழுத்துவதைக் கவனித்திருக்கிறீர்களா? பதற்றத்தில் படபடவென்று அழுத்துவார்கள். வேகமாக மூச்சுக் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அழுத்தமும் இறங்கும். ஆனால் ரத்தமும் குறைந்துவிடுமே! கண்மணி விரிந்து, ஆபரேஷன் தியேட்டர் போகிறவரை கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். மற்றபடி ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை அழுத்தினால் போதும்.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல வருடம் வழக்கத்தில் இருந்தது. 2004-ல் வெளியான க்ராஷ் (CRASH) என்ற ஆய்வு 10,008 பேரைச் சேர்த்துப் பார்த்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். அத்தோடு அந்தப் பழக்கம் நின்றிருக்க வேண்டும். இன்னமும் எங்காவது மருந்துச் சீட்டில் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மண்டைக்குள் கருவி வைத்து அழுத்தத்தை அளக்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. அது இல்லாத ஆஸ்பத்திரி மட்டம் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், கருவி வைத்து அளந்து சிகிச்சை தந்த குழுவுக்கும், ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் வைத்துச் சிகிச்சை தந்த குழுவுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கருவி வீண் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருப்பவரிடம் ஊர் பேர் கேட்க முடியாது, அங்கே அது பெரிய உதவி. ஆனால் டார்ச்சோடும் சார்ட்டோடும் வரும் ஒரு ஆள் சரியாகப் பார்த்தால் நிறையவே பார்க்க முடியும். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்பதைத்தான் நான் கேட்பேன். அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மருந்துக்கு அடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வீங்குகிற மூளைக்கு இடம் விடுவார்கள். இதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2016-ல் வெளியான, 408 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 48.9 சதவீதம், எலும்பை எடுத்தவர்களில் 26.9. உயிர் பிழைப்பது கூடுகிறது. ஆனால் நினைவே திரும்பாமல் கிடப்பவர்களும் எலும்பை எடுத்தவர்களில்தான் அதிகம். "உயிர் இருந்தா போதும்" என்று அந்த இரவில் கையெழுத்துப் போடும் குடும்பத்திடம் டாக்டர் இதையும் சேர்த்துச் சொல்கிறார். அந்த நேரத்தில் காதில் ஏறுவது பாதிதான்.

முதியவர்களுக்கு மேலே சொன்ன அவசரக் கணக்கு எப்போதும் பொருந்தாது. வயதாக ஆக மூளை சுருங்குவதால் உள்ளே இடம் நிறைய. நிலைப்படியில் தலை இடித்தது, பாத்ரூமில் வழுக்கியது என்று வீட்டில் மறந்தே போயிருப்பார்கள். மூன்று நான்கு வாரம் கழித்துத் தாத்தா செருப்பை இழுத்து இழுத்து நடப்பார், லுங்கியிலேயே சிறுநீர் போய்விடும், மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தயங்காமல் ஸ்கேன் எடுங்கள். பெரும்பாலும் எலும்பில் சின்னத் துளை போட்டு, தேங்கிய கருத்த ரத்தத்தை வடித்துவிட்டாலே போதும். மறுநாள் அவரே எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் சொல்வது இது. ஸ்கேன் சரியாக இருந்தால் தூங்கலாம், ராத்திரி முழுக்க விழித்திருக்க வைக்கத் தேவையில்லை. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். முதல் நாள் மது குடிக்கக் கூடாது, தூக்க மாத்திரை கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். கூடிக்கொண்டே போகிற தலைவலி, மறுபடி மறுபடி வாந்தி, குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை சோர்வது, மூக்கிலோ காதிலோ தண்ணீராக ஒழுகுவது, எழுப்பச் சிரமமாக இருப்பது — இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். தையல் போட மட்டும் வசதியுள்ள பக்கத்து கிளினிக்கில் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்காமல், ஸ்கேனும் நியூரோ சர்ஜனும் இருக்கும் இடத்துக்கே போங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டுக் கட்டணம் இல்லை. "பணம் கட்டினாத்தானே பார்ப்பாங்க" என்று யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை.

எலும்பை எடுத்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்த எலும்பு எங்க சிஸ்டர்?" பல பேருக்கு அது அவர்களுடைய வயிற்றிலேயே, தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. வீக்கம் வடிந்து, சில மாதம் கழித்துத் திரும்பத் தலையில் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது, வெளியே போனால் தலைக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டும். ஓ.பி.க்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு பழைய ஸ்கேன் ஃபிலிமையும் எடுத்து வரச் சொல்கிறோம். பாதிப் பேர் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள்.